நான்காவது டிஸ்க்கும் சாம்பிராணியும்

ஒரு சாண் நீளமுள்ள ஒயரால் ஒரு மனிதரின் பெயரைக் கெடுத்தேன். ஒயரை வாங்கியது நான், மாட்டியது நான், கருக்கியதும் நான். கெட்ட பெயர் மட்டும் துபாயில் ஒரு கிடங்கில் பெட்டிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வருடம் அது அவர்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி மின்சாரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எங்கள் வீடு பாபநாசத்தில், கடைத்தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மகன் அமெரிக்காவில் இருக்கிறான். ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது தஞ்சாவூரில் ஒரு கடையில் உட்கார்ந்து, உதிரி உதிரியாக வாங்கி, ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைக் கட்டி எடுத்துவந்தான். அதற்குத் திரை கிடையாது. அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தான். ஹோம் சர்வர் என்றான். வீட்டுப் படங்களெல்லாம் அதற்குள் இருக்கும், அவன் அங்கிருந்தே பார்த்துக்கொள்வான், நாங்கள் இங்கே இன்னொரு கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எல்லார் சட்டைப் பையிலும் போன் வந்துவிட்டது. ஆனால் எடுத்த படம் தானாக எங்கோ போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிற காலம் இன்னும் வரவில்லை. படத்தை நாம்தான் எங்காவது வைக்க வேண்டும்.

விமானம் ஏறுமுன் மகன் சொன்னது ஒரே வாக்கியம். "அப்பா, பெட்டியைத் திறக்காதீங்க."

ஒரு மாதம் திறக்கவில்லை.

திறந்ததற்குக் காரணம் தெருக்காரர்கள் என்று நீண்டநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என் பெருமைதான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருந்தார்கள். துபாய், சிங்கப்பூர், மலேசியா, ஒன்றுமில்லையென்றால் சென்னை. அதனால் வீட்டுக்கு நாலு கல்யாண சி.டி.யும் இருந்தது. அதில் இரண்டு பூசணம் பிடித்திருந்தது. "கொண்டாங்க, நம்ம பெட்டில போட்டு வைக்கிறேன், இனிமே அழியாது" என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். அழியாது என்ற சொல்லை ஓய்வு பெற்ற பேராசிரியர் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். பெட்டியிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைந்தது. இரண்டாவது வாங்கினேன். அதுவும் நிறைந்து மூன்றாவது வாங்கினேன்.

டிஸ்க் வைக்கப் பெட்டியில் இடம் இருந்தது. கரண்ட் கொடுக்கத்தான் வழியில்லை. பெட்டிக்குள் கரண்ட் பிரித்துக்கொடுக்கிற தகர டப்பாவை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதிலிருந்து கொத்தாக ஒயர்கள் தொங்கும். டிஸ்க்கில் மாட்டக்கூடிய தட்டையான பிளக் அதில் இரண்டுதான் இருந்தது. மற்றவை பழைய காலத்து, தடித்த, நாலு முள் பிளக்குகள். கடைக்காரரிடம் கேட்டேன். தடித்ததைத் தட்டையாக மாற்றித்தரும் ஒயர் ஒன்றையும், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் ஒன்றையும் எடுத்துப்போட்டார். "எத்தனை டிஸ்க் வேணாலும் மாட்டலாமா?" என்றேன். "நீங்க மாட்டிக்கிட்டே போலாம் சார்" என்றார். நான் மாட்டிக்கொண்டே போனேன். பார்க்க ஒழுங்காக இருக்கட்டுமென்று எல்லா டிஸ்க்கையும் அந்த ஒரே வரிசைக்கு மாற்றினேன்.

இந்த இடத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர் வருகிறார். மெயின் ரோட்டில் அவருக்குச் சொந்தப் பட்டறை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றி உயிர் கொடுப்பது தொழில். அவருடைய அப்பா எங்கள் வயலில் நாற்றுப் பறித்தவர். இவர் ஐ.டி.ஐ. படித்து, பட்டறை வைத்து, இரண்டு பெண்களை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர். நான் அவரை "என்னப்பா" என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. இதுவும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியவற்றில் ஒன்று.

என் போர்செட்டின் ஆட்டோ ஸ்டார்ட்டரைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். குனிந்து, ஒயரை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"சார், இதுல நாலஞ்சை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோக்கப் போறீங்களா?"

"ஆமாம்ப்பா. ஏன்?"

"டிஸ்க்குக்குள்ள சின்ன மோட்டார்தானே சார் இருக்கு? மோட்டார்னா எடுக்கும்போது இழுக்குமே. எல்லாம் ஒண்ணா எடுத்தா இந்த ஒயர் தாங்குமா? அதுவும் இது ஊத்தின பிளக். பிளாஸ்டிக்கை உருக்கி மேல ஊத்திட்டான். உள்ள கம்பி நேரா நிக்குதா, படுத்துக் கிடக்குதான்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியா அழுத்தி, மேல மூடி போடற பிளக் இருக்கு. அதை வாங்குங்க. இல்லாட்டி நல்ல சப்ளை டப்பா வாங்கி, நேரா ஒயர் எடுங்க."

நான் சிரித்தேன். "இது போர்செட் இல்லப்பா, கம்ப்யூட்டர்" என்றேன்.

அவர் ஒயரைக் கீழே விட்டார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சிரித்த நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வயல் பக்கம் ஒரே டிரான்ஸ்பார்மரில் ஐந்து போர்செட்டுகள். மும்முனை கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அது வந்த நொடியில் ஐந்து மோட்டாரும் ஒன்றாக எழுந்து இழுக்கும். பியூஸ் போய்விடும். கடைசியில் இருக்கும் என் மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும். என் நிலம் எதிலும் கடைமடைதான். வாய்க்கால் தண்ணீரும் கடைசியில்தான் வரும், கரண்ட்டும் அப்படித்தான். பொறுக்க முடியாமல் நான்தான் கூட்டம் போட்டேன். யார் மோட்டார் முதலில் எடுக்க வேண்டும், எத்தனை நிமிடம் கழித்து அடுத்தது என்று முழுத்தாளில் எழுதி, ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கி, மோட்டார் கொட்டகையில் ஒட்டினேன். அதன்படி ஸ்டார்ட்டர்களில் நேரத்தை வைத்துக்கொடுத்தவர் அந்தப் பட்டறைக்காரர். வயலில் எழுதிக் கையெழுத்து வாங்கிய சட்டத்தை வீட்டு முக்காலியில் மறந்துவிட்டேன்.

அடுத்து பாய். எங்களுக்கு எதிர்வீடு. கடைத்தெருவில் பாத்திரக்கடை. அவர் மனைவியின் தம்பிதான் நான் பெயரைக் கெடுத்தவர். பாயும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். குழப்பம் வேண்டாமென்று நான் அவரைத் துபாய்க்காரர் என்று எழுதுகிறேன். வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவரை அவர்கள் வீடுகளில் சபுராளி என்பார்கள். எங்கள் தெருவில் சபுராளிகளுக்குள்ளே அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. காரணம் அவர் சம்பாத்தியமல்ல, அவர் பொருள் வாங்குகிற திறமை. பாய் வீட்டுச் சுவர்க்கடிகாரம், பிளாஸ்க், டார்ச் லைட், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அவர் வாங்கிவந்தவை. "மச்சான் பாத்து வாங்குனது. பத்து வருசத்துக்கு அசையாது" என்று பாய் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

பாயின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. அவர் மகன் ரியாத்தில். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரே தங்கையின் கல்யாணத்துக்கு வர முடியாதவனுக்காகப் பாய் ஒன்று விடாமல் வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். வீடியோக்காரர், "புது டிஸ்க் ஒண்ணு குடுங்க, எல்லாத்தையும் அப்படியே போட்டுத் தர்றேன்" என்றார். துபாய்க்காரர் கல்யாணத்துக்கு வரும்போதே ஒன்று வாங்கி வந்திருந்தார். மேலே உறை எதுவும் இல்லாத, கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற வெறும் டிஸ்க். வீடியோக்காரர் அதில் போட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று தன்னுடையதை அழித்துவிட்டார். ஆக, அந்தக் கல்யாணம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. பாய் அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"சார், மவன் ரெண்டு மாசத்துல லீவுல வர்றான். உங்க பெட்டில போட்டு, டி.வி.ல பாக்கற மாதிரி எடுத்துக் குடுத்துடுங்க. உங்கள விட்டா எனக்கு யாரு?"

"அது ஒரு வேலையா பாய்" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பவர் கட். பன்னிரண்டு வரை ராகுகாலமும் இருந்தது. ராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வகுப்பில் அதைக் கேலி செய்து மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு புதுக் காரியத்தை அதற்குள் தொடங்கியதும் கிடையாது. கரண்ட் இல்லாத நேரத்தில் எப்படியும் தொடங்க முடியாது என்பதால் அன்றைக்கு இரண்டு கொள்கைகளுக்கும் சண்டை வரவில்லை. மத்தியானம் ஜும்மா தொழுகை முடிந்து பாய் வரும்போது, படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று திட்டமிட்டேன். ஏற்கெனவே இருந்த ஒயரின் நுனியில் புதிதாக இன்னொரு ஊத்தின பிளக்கைச் சேர்த்தேன். அதன் நுனியில் பாயின் டிஸ்க்கை மாட்டினேன். ஒரே வரிசையில் நான்கு டிஸ்க்குகள். கடைமடையில் ஒரு கல்யாணம்.

சரியாகப் பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. ராகுகாலமும் போனது. சுவிட்சைப் போட்டேன்.

நான்கு மோட்டார்களும் ஒன்றாக உறுமின. அந்தச் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். வயலில் கேட்டிருக்கிறேன். பிறகு ஒரு சின்ன 'டப்'. பெட்டியின் பின்னாலிருந்து ஒரு முழம் புகை நிதானமாக எழுந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். "ஏங்க, டயரையா கொளுத்துறீங்க?"

சுவிட்சை அணைத்துவிட்டுப் பார்த்தேன். என் மூன்று டிஸ்க்குகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது பிறகு தெரிந்தது. கடைசிப் பிளக் மட்டும் உருகி, பாயின் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தேன். அதைத் தனியாக நல்ல பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமென்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் செத்திருந்தது. என் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினேன். அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மறுத்தது. கழற்றினால் எழுந்தது. மாட்டினால் படுத்தது.

தொழுகை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்றம்.

"சாம்பிராணி போடு" என்றேன்.

"மத்தியானத்துலயா?"

"வெள்ளிக்கிழமைதானே. போடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், கரி மூட்டினாள். பாய் வெள்ளைத் தொப்பியோடு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சார், விசேஷமா? மணக்குது."

"வெள்ளிக்கிழமை பாய். பூஜை."

முதல் பொய் அது. இரண்டாவது பொய் தானாக வந்தது. நான் யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. டிஸ்க்கைக் கையில் எடுத்து, மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்து, "பாய், இது ஒரிஜினலா? டூப்ளிகேட் மாதிரி இருக்கே. மாட்டினதும் போயிடுச்சு" என்றேன்.

பாயின் முகம் விழுந்தது. என்மேல் அவருக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் எதிர்வீட்டிலிருந்து அவர் துபாய்க்குப் போன் பேசுவது தெருவுக்கே கேட்டது.

"என்ன மச்சான் வாங்கியாந்தே? நடைபாதைக் கடைல வாங்குனியா? சார் கையில எடுத்துப் பாத்ததுமே சொல்லிட்டாரு, டூப்ளிகேட்டுன்னு. ... பில்லா? பில்லை வச்சு நான் நிக்காஹ்வைப் பாக்க முடியுமா?"

துபாய்க்காரர் பில்லை ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். பெரிய கடை. ஒரு வருட உத்தரவாதம். பாய் அதை என்னிடம் காட்டினார். பில்லும் டூப்ளிகேட் வருகிறது என்று நான் சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு பாய் வீட்டில் நடந்தது எனக்கே அச்சமாக இருந்தது. பத்து வருடம் அசையாது என்றிருந்த பொருள்களெல்லாம் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின. மிக்ஸி நின்றது. "அவன் வாங்குனதுல்ல" என்றார் பாய். டார்ச் லைட் மங்கியது. பேட்டரி தீர்ந்ததாகக்கூட இருக்கலாம். "அவன் வாங்குனதுல்ல." இஸ்திரிப் பெட்டி ஒருநாள் படாரென்று வெடித்து நின்றது. "சார் அன்னைக்கே சொன்னாரு" என்றார். நான் சொன்னது ஒரு டிஸ்க்கைப் பற்றி. அது ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பாகிவிட்டது.

பாயின் மகன் வர மூன்று வாரம் இருக்கையில் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை, என் மனைவியிடம் பேசினார். நான் உள்ளறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, சார்ட்ட சொல்லி வேற எங்கயாச்சும் காட்டச் சொல்லுங்களேன். தங்கச்சி நிக்காஹ்வை மவன் பாக்கலயேன்னு இருக்கு. எந்தம்பியும் போன்ல அழுவுறான். இவரு அவன்ட்ட பேசறதில்ல."

அவர் போனதும் என் மனைவி உள்ளே வந்தாள். "அந்தம்மாவுக்கு நான் காபி குடுத்தேன். முகத்தைப் பாக்க முடியல. நாளைக்கும் அவங்க வருவாங்க. நாளைக்குக் காபி நீங்க குடுங்க."

மறுநாள் காலை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஒயர்ல சார் மாட்டினீங்க?"

"நல்ல ஒயர்தான்."

"அந்த நல்ல ஒயரைக் கொண்டாந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். சட்டைப் பையில், காகிதத்தில் மடித்து. அதைக் கொடுத்தபோது எழுபது வயதை நெருங்கிய எனக்குப் பிட்டு அடித்து மாட்டிக்கொண்டவன் நிலைதான். அவர் பிளேடால் உருகிய பிளக்கை நெடுக்கப் பிளந்தார்.

"பாருங்க சார். மஞ்சள் கம்பி பன்னெண்டு வோல்ட்டு. சிவப்பு அஞ்சு. ஊத்தும்போதே மஞ்சள் சாஞ்சு சிவப்பு பக்கத்துல வந்து நின்னுருக்கு. நடுவுல பேப்பர் கனத்துக்குப் பிளாஸ்டிக். நாலு மோட்டாரும் ஒண்ணா இழுத்துச்சா, சூடாயி, அதுவும் உருகிப் போச்சு. அஞ்சு குடிக்கிற வாய்ல பன்னெண்டை ஊத்திட்டீங்க."

"வோல்டேஜ் ஏறி இறங்கினதாலன்னு நினைச்சேன்" என்றேன். அப்போதும்கூட.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சு மோட்டாரும் ஒண்ணா எடுக்கக் கூடாதுன்னு கொட்டகைல எழுதி ஒட்டினது யாரு சார்? உங்க கையெழுத்து. நான் வாரத்துல ஒருநாள் படிக்கிறேன். கையெழுத்து அழகா இருக்கும்."

டிஸ்க் யாருடையது, நான் பாயிடம் என்ன சொன்னேன், யார்மேல் பழி போனது என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மீட்டரின் இரண்டு ஊசிகளையும் டிஸ்க்கின் அடிப் பலகையில் அங்கங்கே தொட்டார். ஓரிடத்தில் மீட்டர் விடாமல் கத்தியது. மிளகை நசுக்கியதுபோல் கறுப்பாக ஒரு சின்னப் பொருள்.

"இவன் வாசல்ல நின்ன காவக்காரன் சார். வந்த பன்னெண்டைத் தன் மேல வாங்கிக்கிட்டுச் செத்துட்டான். வாசலை அடைச்சுக்கிட்டுக் கிடக்கறான், அதான் எதுல மாட்டினாலும் எந்திரிக்கல. உள்ள வீடு நல்லா இருக்கும்னுதான் தோணுது. இவனை எடுத்துட்டு ஒரே ஒருதடவை ஓட்டிப் பாப்போம். ஓடினா எல்லாத்தையும் வேற ரெண்டு டிஸ்க்குல எடுத்துட்டு, இதை மூட்டை கட்டி வச்சுடுங்க. காவல் இல்லாத வீடு, நம்பக் கூடாது."

பற்றவைக்கும் கோலின் நுனியால் அந்த மிளகை எடுத்தார். எங்கள் கம்ப்யூட்டரைப் பட்டறைக்கே கொண்டுவரச் செய்தார். அதிலிருந்த நேர் ஒயரில் டிஸ்க்கை மாட்டினார். சுவிட்சைப் போட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதில் விழுந்தது ஒரு மெல்லிய சுழற்சிச் சத்தம்.

திரையில் பாயின் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துபாய்க்காரர் யாருக்கோ ரோஸ் மில்க் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

படத்தை இரண்டு டிஸ்க்குகளில் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் அவர் சொன்னபடியே வீட்டுப் பெட்டியையும் ஒழுங்கு செய்தேன். நல்ல கனமான எஸ்.எம்.பி.எஸ்., அதிலிருந்தே நேராக வரும் பிளக்குகள், ஒரு ஒயருக்கு இரண்டு டிஸ்க்குக்கு மேல் கிடையாது. ஒன்று முழு வேகம் பிடித்த பிறகே அடுத்தது எழும்படி என் மகன் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். முறைப் பாசனம்தான். இதெல்லாம் தெரிந்த காரியம். தெரிந்தவர் சொன்னபோது நான் சிரித்த காரியம்.

படம் எடுத்த அன்று பட்டறையிலிருந்து கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "பாய் மச்சானுக்கு மட்டும் சொல்லிடுங்க சார்."

"சொல்றேங்க" என்றேன். அன்றிலிருந்து அவரை நான் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறேன். அந்த ஒரு திருத்தம் உடனே நடந்தது. இன்னொன்று நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்வதுதான் கஷ்டம். பாயின் மகன் வந்தான். பாய் வீட்டுக் கூடத்தில் படம் ஓடியது. உறவுக்காரர்கள் தரையில் உட்கார, எனக்கு நடுவில் நாற்காலி. தங்கை சம்மதித்து 'கபூல்' சொன்ன இடத்தில் மகன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தான். பாயின் மனைவி தம்ரூட் இனிப்புத் தட்டை முதலில் என்னிடம் நீட்டினார். பாய் எல்லாரிடமும் சொன்னார்: "டூப்ளிகேட் டிஸ்க்குலேருந்தே எடுத்துட்டாரு பாத்தியளா. சார் மூளை அது." நான் தம்ரூட்டைத் தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டறைக்காரர் பெயரைக்கூட நான் எடுக்கவில்லை.

துபாய்க்காரர் லீவில் வரும்போதெல்லாம் முதலில் என் வீட்டுக்கு வருவார். எதை வாங்கி வந்தாலும் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, "சார், நீங்க ஒருதடவை பாத்துடுங்க. நீங்க ஒரிஜினல்னு சொன்னாத்தான் மச்சான் உள்ள விடுவாரு" என்பார். பிளாஸ்க், போன், ஒருமுறை ஒரு கம்பளி. கம்பளியில் நான் என்ன பார்ப்பது? தடவிப் பார்த்து, ஒரிஜினல் என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து அன்றைக்கு இரவுச் சாப்பாடு வேண்டாமென்று விட்டேன். மறுநாள் காலை வழக்கம்போல் சாப்பிட்டேன்.

இப்படிப் பன்னிரண்டு வருடம் போனது. துபாய்க்காரர் வேலையை முடித்துக்கொண்டு மொத்தமாக ஊருக்கு வந்துவிட்டார். பாத்திரக்கடைக்குப் பக்கத்துக் கடை பாயுடையதுதான். ஷட்டர் இறக்கியே கிடந்தது. அதில் எலெக்ட்ரிகல் கடை வைக்க வேண்டுமென்று கேட்டார். பாய் மறுத்துவிட்டார். சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். என்னைத்தான்.

பாத்திரக்கடையில் அடுக்கி வைத்த குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்தோம். துபாய்க்காரர் டீ சொல்லப் போயிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றார் பாய். "அவன் கடை வச்சா நாலு பேரு வீட்டுக்கு ஒயர் வாங்கிட்டுப் போவாங்க. தீ கீ பிடிச்சா எம்பேருதானே கெடும்? பொருள் பாக்கத் தெரியாதவன் அவன். நீங்க அன்னைக்குச் சொன்னதுதான்."

"பாய், அந்த டிஸ்க் நல்ல டிஸ்க்" என்றேன்.

"எந்த டிஸ்க்கு?"

"நிக்காஹ் டிஸ்க். ஒரிஜினல். நான்தான் மட்டமான ஒயர்ல மாட்டி எரிச்சேன். மாட்டாதீங்கன்னு பட்டறைக்காரர் சொன்னார், கேக்கல. அதைச் சரிபண்ணினதும் அவர்தான், நான் இல்ல. உங்க மச்சான்மேல பொய்யா பழி போட்டேன்."

பாய் ஒரு குடத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நன்றாகத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்குச் சாம்பிராணி அதுக்குத்தானா சார்?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை பூஜைன்னியளே."

"பொய்."

"நான் வீட்டுல போயிச் சொன்னேன் சார். சார் வீட்டுல மத்தியானமும் பூஜை பண்றாங்க, எவ்வளவு பக்தின்னு." குடத்தைக் கீழே வைத்தார். "பன்னெண்டு வருசம். அவன்ட்ட நான் பேசுன பேச்செல்லாம் இப்ப எங்க போயி அள்றது?"

துபாய்க்காரர் டீ கிளாஸ்களோடு உள்ளே வந்தார். பாய் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். "அவன்ட்டயும் சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே."

சொன்னேன். ஒயரிலிருந்து கம்பளி வரைக்கும் சொன்னேன். துபாய்க்காரர் நின்றபடியே கேட்டார். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஏதோ மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்ப்பவர்போல் நெற்றியைச் சுருக்கினார்.

"அப்ப அந்த மிக்ஸி?"

"மிக்ஸி எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"டார்ச்சு?"

"பேட்டரியா இருக்கும்."

"இஸ்திரிப் பெட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் இருமினார். குடங்களின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"அது நாந்தான். தண்ணி தெளிக்கையில சொம்பைக் கவுத்துட்டேன்."

துபாய்க்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தார்.

"சாவியக் குடுங்க மச்சான்" என்றார்.

பாய் இடுப்புப் பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக் கடை ஷட்டர் துருப்பிடித்திருந்தது. பாயும் அவருமாகச் சேர்ந்து தூக்கினார்கள். நானும் ஒரு கை கொடுக்கப் போனேன். "நீங்க தொட வேணாம் சார்" என்றார் துபாய்க்காரர். மரியாதைக்காகச் சொன்னாரா, வேறு எதற்காகவாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. தள்ளி நின்றேன்.

கடை இப்போது நன்றாக நடக்கிறது. பட்டறைக்காரர் அவருடைய பெரிய வாடிக்கையாளர். நானும் அங்கேதான் வாங்குகிறேன். எதைக் கேட்டாலும், எதில் மாட்டப் போகிறேன், பக்கத்தில் இன்னும் எத்தனை மாட்டியிருக்கிறேன் என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். போன மாதம் ஒரு பல்புக்குக்கூட விசாரித்தார். எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வாங்கிவந்தேன்.